புதுப்பிப்பு: கடலடிச் சிலிக்கா பற்றிப் போன முறை எழுதியதில் ஒரு திருத்தம்

ஆழ்கடல் சேற்றில் சிலிக்கா கூடிய படை என்றால், அந்தக் காலத்தில் மேலே டயட்டம் (சிலிக்காவால் ஓடு கட்டும் நுண்பாசி) செழித்து வளர்ந்தது என்று எழுதியிருந்தேன். "கரைஞ்சு போனது எவ்வளவு அண்ணை?" என்று ஒரு தம்பி கேட்டார். சரியான கேள்வி. கடல்நீர் சிலிக்காவால் நிரம்பியதல்ல. ஓடுகள் விழும்போதே கரையத் தொடங்கிவிடும். உருவாவதில் சுமார் 3 சதவீதம்தான் கடலடியில் புதைந்து நிற்கிறது.

அடிநீரோட்டம் வேறு இடத்துச் சேற்றை அடித்து வந்து குவித்தும்விடும். அதைப் பிரித்தறியத் தோரியம்-230 என்ற கதிரியக்க அணு உதவுகிறது. கடல்நீரில் கரைந்துள்ள யுரேனியத்திலிருந்து அது மாறாத வீதத்தில் உண்டாகி, உடனே துகள்களில் ஒட்டி இறங்கும். அதை வைத்து மேலிருந்து விழுந்தது எவ்வளவு என்று கணக்கிடலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இரும்பு. இரும்புச் சத்து குறைந்த நீரில் டயட்டங்கள் நைதரசனோடு ஒப்பிடும்போது கூடுதல் சிலிக்காவை எடுத்துத் தடித்த ஓடு கட்டும். அப்படியானால் சேற்றில் கூடிய சிலிக்கா செழிப்பைக் காட்டுகிறதா, பட்டினியையா? சிலிக்காவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. செழிப்பின் மற்ற அடையாளங்களான கரிமக் காபன், பேரியம் போன்றவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் யாழ்ப்பாணம் பண்ணைப் பாலத்தடியில் ஒரு போத்தல் நீர் எடுத்து வந்து நுணுக்குக்காட்டியில் வைத்தேன். மூடி போட்ட சிமிழ் மாதிரி ஒரு டயட்டம், ஓடு முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளித் துளைகள். பக்கத்திலேயே இன்னொன்றின் வெற்று ஓடு, பாதி உடைந்து கிடந்தது.