குடியாத்தம் பக்கத்துப் பம்பைக்காரர்: நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

காட்பாடி ஜங்ஷன்

பம்பை அடித்துச் சாமியை அழைத்துப் பாடுகிறவர்; யாரைச் சொல்கிறேன் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். பச்சை அட்டை கேசட். இடது காதில் மட்டும் கடுக்கன். எந்தக் கம்பெனிக்கும் பாடாமல், தானே பதிவு செய்து, மஞ்சப்பையில் போட்டுத் திருவிழாவுக்குத் திருவிழா விற்றவர். இப்போது பென்டிரைவில் தருகிறார், நூறு ரூபாய்.

சின்ன வயதிலிருந்து அவர் குரலைக் கேட்டிருக்கிறேன், ஆனால் ஆளைப் பார்த்தது 2022 மாசியில், சுடுகாட்டில் நடக்கும் அங்காளம்மன் திருவிழாவான மயானக் கொள்ளையில்தான். முந்தின நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன வருஷம் அது. மணலைக் காலால் கிளறினால் ஈரம் தெரிந்தது. ஒரு பக்கம் காளி வேஷங்கள், இன்னொரு பக்கம் சுண்டலும் கொழுக்கட்டையும் சில்லறையும் தலைக்கு மேலே பறக்கின்றன. அந்தக் கூச்சலிலும் அவர் வர்ணிப்பு, சாமியை வர்ணித்து அழைக்கும் பாட்டு, தனியாகக் கேட்டது. நான் இரண்டடி தூரத்தில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடமாகப் பதிவு செய்கிறேன். பம்பையை நிறுத்தினார். நேராக என்னைப் பார்த்து, "கண்ணு, அத்த கீழ வையி. இந்த ஒரு அடி மட்டும் வேணாம்" என்றார்.

வைத்துவிட்டேன். அவர் பாடினார். நான்கு வரி இருக்கும். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒரு வரிகூட நினைவில் இல்லை. ஃபோனிலும் இல்லை, மண்டையிலும் இல்லை. அப்போதிருந்து இது உறுத்துகிறது. அந்த அடி எந்தக் கேசட்டிலாவது இருக்கிறதா?

ஆம்பூர் பைபாஸ்

இருக்கிறது தம்பி. பச்சை அட்டை, பி பக்கம்.

எப்படித் தெரியும் என்றால், 98 அல்லது 99, வேலூரிலிருந்து லத்தேரி வழியாகக் குடியாத்தம் போகும் தனியார் பஸ். டிரைவர் அந்தக் கேசட்டைப் போட்டிருந்தார். கே.வி.குப்பம் தாண்டுவதற்குள் மூன்றாவது சீட்டு அம்மாவுக்குச் சாமி இறங்கி மருள் வந்துவிட்டது. கையில் கத்தரிக்காய்ப் பை. பை கவிழ்ந்து கத்தரிக்காயெல்லாம் பஸ் முழுக்க உருளுகிறது. கண்டக்டர் "இன்னாமா இது, இன்னாமா இது" என்பதைத் தவிர வேறு பேசவில்லை. அறுபது நிமிடக் கேசட், ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம்தானே? அழைப்பு உச்சத்தில் இருக்கும்போது டக்கென்று நாடா தீர்ந்துவிட்டது. அந்த அம்மா நிற்கவில்லை. பாட்டு நின்றுவிட்டது, சாமி நிற்கவில்லை. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, முன் கண்ணாடியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்து எடுத்துக் கையில் கொடுத்தார். பயனில்லை. யாரோ ஒரு பெரியவர் "கேசட்டைத் திருப்பிப் போடுய்யா" என்று கத்தினார். திருப்பிப் போட்டதும் மெதுவாக ஒரு பாட்டு. அந்த அம்மா உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, "என் காய் எங்க?" என்று கேட்டார்.

அது மலையேற்றப் பாட்டு, வந்த சாமியை வழியனுப்புவது. அதைத்தான் உங்களிடம் ஃபோனை வைத்துவிட்டுப் பாடியிருப்பார்.

ஆரணி வாத்தியார் (ஓய்வு)

ஆம்பூர் நண்பர் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேசட்டால் மருள் வராது. அந்த அம்மா ஏற்கெனவே ஆடுகிறவராக இருந்திருப்பார்.

முதலில் பம்பை என்றால் என்ன என்று பாருங்கள். அது ஒற்றை முழவு அல்ல, இரண்டைச் சேர்த்துக் கட்டியது. மரத்தில் குடைந்ததை வீருவனம் என்பார்கள், மற்றது வெங்கலப் பம்பை. கூடவே கைச்சிலம்பு, உடுக்கை. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இறுக்கினால் குரல் ஏறும், தளர்த்தினால் இறங்கும். அதைப் பிடித்திருப்பவன் எதிரில் ஆடுபவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து இறுக்குவான். கேசட்டுக்கு முகம் தெரியுமா? தெரியாது. ஆகவே அதை வாத்தியம் என்று சொல்லலாமே தவிர அழைப்பு என்று சொல்ல முடியாது.

இன்னொன்று. வட ஆற்காட்டின் பாட்டு என்றாலே எல்லோரும் பம்பைக்குப் போய்விடுகிறீர்கள். 1989ல் மாவட்டத்தைப் பிரித்ததும் செய்யாறு பக்கம் திருவண்ணாமலைக்குப் போய்விட்டது, அதனால் அங்கே இருக்கிற புரிசை ஊரின் தெருக்கூத்தையும் மறந்துவிட்டீர்களா? மறைந்த கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் முகவீணை என்ற சின்னக் குழலோடு குரலை ஏற்றினால் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். பாரதம் நடக்கும் ஊரில் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளம். அதைக் கேட்டு வளர்ந்த காதுக்குப் பென்டிரைவ் ஒத்துவராது.

நான் அந்தப் பம்பைக்காரரைக் கேட்டது ஒருமுறை, படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலில், ஆடி வெள்ளியில். கூட்டத்தில் செருப்பு தொலைந்துபோனது. அதற்குமேல் நினைவில்லை.

மூன்றாம் மாடி பால்கனி

இப்போது பெங்களூரில் இருக்கிறேன், படித்தது வேலூரில். ஹாஸ்டலில் இருந்தபோது எனக்கு ஐரோப்பிய 'பேகன் ஃபோக்' பைத்தியம். கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களையும் காடு மலைகளையும் பாடுகிற இசை, பலர் சொந்தச் செலவில் பதிவு போடுகிறவர்கள். நார்வேயின் வார்ட்ரூனா என்ற குழுவை வைத்துத்தான் ஆரம்பம். வட ஐரோப்பாவின் பழைய ரூன் எழுத்துகள் 24க்கும் மூன்று ஆல்பம் போட்டார்கள், 2009, 2013, 2016. சில பாட்டுகளை அந்தந்த எழுத்துக்குப் பொருத்தமான இடத்துக்கே போய், திறந்தவெளியில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆட்டுக் கொம்பை ஊதுவார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

ஒரு வைகாசி முதல் தேதி, ரூம்மேட் தன் ஊரான குடியாத்தத்துக்குக் கூட்டிப்போனான். கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுபோகும் திருவிழா. தரணம்பேட்டையிலிருந்து சிரசு புறப்பட்டுக் கோபாலபுரம் போகிற வழியெல்லாம் தேங்காய் உடைத்து, ரோடு முழுக்கத் தண்ணீரும் சில்லுமாகக் கிடக்கிறது. நான் வழுக்கி ஒரு திண்ணையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இவர் பம்பையை வெயிலில் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார். தோலை விரலால் தட்டுவார், காதை வைப்பார், மறுபடி வெயிலில் திருப்புவார். நார்வேக்காரர்கள் பழைய வாத்தியங்களைத் தேடி எடுத்து மறுபடி செய்து வாசிக்கிறார்கள். இவர் கையில் இருப்பது விட்டுப்போகவே இல்லை. என் காதிலோ ஹெட்ஃபோன். வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதுதான் என் உறுத்தல்.

ஆரணி வாத்தியார் (ஓய்வு)

பேகன் என்றால் எனக்கு மயிலுக்குப் போர்வை கொடுத்தவன்தான் தெரியும். அங்காளம்மனுக்கும் ரேணுகாம்பாளுக்கும் வெளிநாட்டுப் பெயர் எதற்கு?

மூன்றாம் மாடி பால்கனி

ஐயா, அம்மனுக்கு வைக்கவில்லை. நான் கேட்ட பாட்டுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது.

ஒலிப்பெட்டி

மயானக் கொள்ளையில் நானும் இருந்தேன், தூரத்தில். அவ்வளவுதான் என் கதை. ஆனால் பதிவு செய்வது பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன்.

ஃபோனில் இருக்கிற சத்தம் குறைக்கும் வசதியை முதலில் நிறுத்துங்கள். அது மனிதப் பேச்சுக்காகச் செய்தது. உடுக்கையின் அதிர்வை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். வீட்டுக்கு வந்து கேட்டால் குரல் மட்டும் தனியாகத் தொங்கும். அப்புறம், தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. பம்பை அடித்ததும் குரலை அமுக்கும், அடி நின்றதும் கூட்டத்தின் இரைச்சலைத் தூக்கும். அலை மூச்சுவிடுவது மாதிரி இருக்கும். கையால் அளவு வைக்கும் செயலியைப் போட்டு, உச்சம் மைனஸ் 12 டெசிபல் தாண்டாமல் வையுங்கள். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ். எம்பி3 வேண்டாம்.

கூம்பு ஸ்பீக்கருக்கு எதிரில் நிற்காதீர்கள். அதில் அடிச்சத்தம் வராது, பம்பை தகர டப்பா மாதிரி கேட்கும். பாடுபவருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், ஆனால் இரண்டடியில் அல்ல, குறைந்தது பத்தடி. (காட்பாடி நண்பர் நின்ற தூரத்தில் எப்படியும் வெடித்துத்தான் பதிவாகியிருக்கும், ரொம்ப வருந்த வேண்டாம்.) இரண்டு ஃபோன் இருந்தால் இரண்டிலும் எடுங்கள், ஆரம்பத்தில் ஒருமுறை கைதட்டினால் பிறகு ஒட்டவைக்கச் சுலபம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பழைய கேசட் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: எடுத்ததும் பிளே போடாதீர்கள். டெக்கின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம் போடுங்கள். லைன் அவுட்டிலிருந்து நேராக எடுங்கள், ஸ்பீக்கர் முன்னால் ஃபோனை வைக்கிற வேலை வேண்டாம்.

ஆம்பூர் பைபாஸ்

ஐயா, அவர் ஃபோனை வைக்கச் சொன்னார் என்பதுதான் கதையே.

பேரணாம்பட்டு அக்கா

ரொம்ப நாளாகப் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்றுதான் எழுதுகிறேன்.

1994, என் பெரிய அக்கா கல்யாணம். பந்தக்காலுக்கு முன்னால் பூவாடைக்காரி பூஜை, வீட்டில் இறந்துபோன பெண்ணைத் தெய்வமாக அழைத்துக் கும்பிடுவது. எங்கள் அத்தை தலைப்பிரசவத்தில் போனவள், அப்பாவுக்கு ஒரே தங்கை. அவளை அழைக்கத்தான் இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்போது மீசைகூட ஒழுங்காக முளைக்காத பையன். கிணற்றடியில் புதுப்புடவை, பூ, மஞ்சள் எல்லாம் வைத்து வர்ணித்தார். அத்தையின் பெயரைச் சொல்லி, அவள் போட்டிருந்த மூக்குத்தியைச் சொல்லி, சமையல்கட்டில் அவள் உட்காரும் இடத்தைச் சொல்லி. இதெல்லாம் முதல் நாள் சாயங்காலம் எங்கள் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான், நானே பார்த்தேன். ஆனாலும் அழுகை வந்தது.

சித்தி மேல் வந்தாள். வந்ததும் புடவையைத் தூக்கிப் பார்த்து, "எனக்கு இன்னாத்துக்கு இந்தக் கலரு? மாம்பழக் கலரு கேட்டனே நைனா" என்று என் அப்பாவைப் பார்த்து ஒரே கத்தல். அப்பா கல்லாக நிற்கிறார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அப்போது அந்தப் பையன் பம்பையைக் கீழே வைத்தார். தன் துண்டால் சித்தியின் முகத்தைத் துடைத்துவிட்டு, "எம்மா, உங்க அண்ணன் மறக்கலமா. மூணு கடை ஏறி எறங்குனாரு, அந்தக் கலரு கெடைக்கல" என்றார்.

அது பொய். அப்பா ஒரு கடைதான் போனார், அதுவும் விலை குறைவாக இருக்கிறது என்று எடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

சித்தி அடங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் உடுக்கையை மட்டும் எடுத்து, குனிந்து, சித்தியின் காதோரத்தில் ஏதோ பாடினார். காட்பாடி தம்பி சொல்கிற மாதிரி நான்கு வரிதான் இருக்கும். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. ஆம்பூர் அண்ணா, பி பக்கத்தில் இருப்பது ஊருக்குப் பாடுகிற மலையேற்றம். அது வேறு, இது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பா அடுத்த வாரமே மாம்பழக் கலரில் ஒரு புடவை வாங்கி வந்தார். யாருக்கு என்று அம்மா கேட்கவில்லை. அது இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

காட்பாடி ஜங்ஷன்

அக்கா, அன்றைக்கு யாராவது பதிவு செய்தார்களா?

பேரணாம்பட்டு அக்கா

சித்தப்பாவின் டூ இன் ஒன் திண்ணையில் ஓடிக்கொண்டிருந்தது. கேசட் அவர் வீட்டில்தான் இருக்கிறது. சித்தி இருக்கும்வரை அதைப் போடுவதில்லை என்று பேச்சு.

காட்பாடி ஜங்ஷன்

சரி அக்கா. கேட்கவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளிக்குப் படவேட்டுக்கு வருகிறார் என்று பென்டிரைவ் வாங்கிய ஒருவர் சொன்னார். போகிறேன். ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன்.

ஆரணி வாத்தியார் (ஓய்வு)

செருப்பையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஒலிப்பெட்டி

ஃபோனை எடுத்துப் போங்கள், ஏர்பிளேன் மோடில் போட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். மைக் ஓட்டை மேலே பார்த்தபடி இருக்கட்டும்.