நாலு ரிமோட்டுக்குப் பதிலா ஒண்ணு, எது வாங்கலாம்?

கோத்தகிரில இருந்து கேக்கறேன். டிவி, ஏவி ரிசீவர் (ஸ்பீக்கருக்கு சவுண்டு குடுக்கற பெட்டி), செட்டாப் பாக்ஸ், ஃபயர் ஸ்டிக்னு நாலு ரிமோட் கெடக்கு, சவுண்டு வைக்கக்கூட அம்மா என்னயத்தான் கூப்பிடறாங்க, மழை சீசன்ல கரண்டும் நெட்டும் போய்ப் போய் வருது வேற. எல்லாத்துக்கும் ஒரே ரிமோட்டா இருக்கற லாஜிடெக் ஹார்மனி பழசு ஒண்ணு விலைக்கு வருது, எடுக்கலாமா?

> வேணாம் ப்ரோ. லாஜிடெக் 2021லயே ஹார்மனிய நிறுத்திட்டாங்க. ஃபயர் ஸ்டிக் ஐஆர்ல (சாதா ரிமோட் அனுப்பற இன்ஃப்ராரெட் சிக்னல்) கேக்காது, ப்ளூடூத் தான், அதனால மத்த ரிமோட்டோட ஐஆர் சிக்னல மட்டும் கத்துக்கற லேர்னிங் ரிமோட் வாங்கிட்டு வந்து நிக்காதீங்க. சோஃபாபேட்டன் யூ2 ரிமோட் பாருங்க, ஐஆர், ப்ளூடூத் ரெண்டும் இருக்கு.

> குன்னூர்லயும் இதே கதைதான். வைஃபை ஐஆர் பிளாஸ்டர் (ஃபோன்ல அமுக்கினா வைஃபை வழியா வாங்கி ஐஆர் அனுப்பற பெட்டி) நம்ம ஊருக்கு சரிப்படாது, ரவுட்டர் ஆஃப் ஆனா அதுவும் படுத்துரும். அப்புறம் மேக்ரோ (ஒரே அமுக்குல பல கமாண்டு போறது) போடறப்ப பவர் டாகிள் கோடு (ஆன்ல இருந்தா ஆஃப், ஆஃப்ல இருந்தா ஆன் ஆக்கறது) வைக்காதீங்க, கரண்ட் போய் வந்ததும் பாக்ஸ் தானா ஆன் ஆயிருக்கும் டிவி ஆஃப்ல இருக்கும், ஒரு அமுக்கு அமுக்கினா அப்படியே உல்டா ஆயிரும். ஆனுக்குத் தனி கோடு ஆஃபுக்குத் தனி கோடு கிடைக்குதான்னு பாருங்க.

> காசு போடறதுக்கு முன்னாடி டிவி, ரிசீவர் ரெண்டுலயும் எச்டிஎம்ஐ சிஇசி (எச்டிஎம்ஐ கேபிள் வழியா ஒண்ண ஒண்ணு கன்ட்ரோல் பண்ற செட்டிங்) ஆன் பண்ணிப் பாருங்கண்ணா. கேபிள் ஏஆர்சி போர்ட்ல (டிவி சவுண்ட ரிசீவருக்குத் திருப்பி அனுப்பற எச்டிஎம்ஐ போர்ட்) இருக்கணும். டிவி ரிமோட்லயே ரிசீவர் சவுண்டு ஏறும், அம்மாவுக்கு அது போதுமே?

சிஇசி ஆஃப்லதான் இருந்துச்சு! சவுண்டு ஏறுது. செட்டாப் பாக்ஸ் மட்டும் அடங்கல, யூ2 விலை பாக்கறேன்.