ஹவோர்த்தியா எவ்வளவுதான் வளரும்?

வணக்கம். போன வருடம் பொங்கலுக்கு வாங்கிய வரிக்குதிரை ஹவோர்த்தியா (கற்றாழை மாதிரி தடித்த இலை கொண்ட சின்னச் செடி), கிழக்கு ஜன்னலோரம் இருக்கிறது. வாங்கும்போது நாலு விரல் உயரம். ஒன்றரை வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதேதான்! நடுவில் புதிதாக 2 இலை, அடியில் நகக்கண் அளவில் ஒரு பக்கக்கன்று, அவ்வளவே. அம்மா இதைப் பிளாஸ்டிக் செடி என்றே முடிவு கட்டிவிட்டார்.

தென்னாப்பிரிக்கச் செடி, மெதுவாகத்தான் வளரும், முழுதாக வளர்ந்தாலும் 15 செ.மீ. அளவில் நின்றுவிடும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் இவ்வளவு மெதுவாகவா?

3 அங்குலத் தொட்டி, பாதிக்குப் பாதி மணல் கலந்த மண், 10 நாளுக்கு ஒருமுறை தண்ணீர். தொட்டியை மாற்றலாமா? அப்புறம், கன்றை இப்போதே பிரிக்கலாமா? உங்கள் செடி எத்தனை வருடத்தில் எந்த அளவுக்கு வந்தது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.