புதுப்பிப்பு: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் குரூப் கமிட் (பல பரிவர்த்தனைகளின் கமிட்டுகளைச் சேர்த்து ஒரே தடவையில் வட்டில் எழுதுவது) வேலை செய்யாத காரணம் தெரிந்தது

போஸ்ட்கிரெஸின் வேகத்தை அளக்கும் பிஜிபெஞ்ச் சோதனையில், கமிட்_டிலே (வட்டில் எழுதும் முன் காத்திருக்கும் நேரம்) மதிப்பை உயர்த்தியும் கமிட்டுகள் ஒன்றுசேரவில்லை என்று கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

ஸ்கேல் அளவைப் (சோதனைத் தரவு எவ்வளவு பெரியது என்பதை) பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. ஸ்கேல் 1 என்றால் பிராஞ்சஸ் அட்டவணையில் ஒரே ஒரு பதிவு; எல்லா இணைப்புகளும் அதை மாற்ற வேண்டியிருப்பதால் அதன் பூட்டுக்காகவே காத்து நிற்கின்றன. கமிட் வட்டில் எழுதப்பட்ட பிறகே பூட்டு விடுபடுகிறது. ஆகவே அடுத்த பரிவர்த்தனை அதே எஃப்சிங்கில் (வட்டில் எழுதி உறுதிசெய்யும் செயலில்) சேர வழியே இல்லை. ஸ்கேலை இணைப்புகளின் எண்ணிக்கைக்கு மேல் உயர்த்தியதும் கமிட்டுகள் அழகாக ஒன்றுசேர்ந்தன.

எதிர்பாராத ஒன்று: கமிட்_டிலே தாமதம் தொடங்க வேறு எத்தனை பரிவர்த்தனைகளாவது நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்வது கமிட்_சிப்ளிங்ஸ் (இயல்பு மதிப்பு 5); அதற்காக எண்ணும்போது, பூட்டுக்குக் காத்திருக்கும் பரிவர்த்தனைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூலநிரலிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதனால் நெரிசலின்போது அந்தத் தாமதம் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை. தாமதத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. முதலில் பூட்டைப் பாருங்கள்.