சுங்கை மூடா தண்ணீருக்கு நஷ்ட ஈடு கொடுத்தால் அது யார் கைக்குப் போய்ச் சேரும்?

பிறை வாசி எழுதியது:
வணக்கம். எனக்கு பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஃபேக்டரி வேலை. தாய்மாமா பக்கத்து மாநிலமான கெடாவில், கோலா மூடா பக்கம். சொந்த நிலம் கிடையாது, மற்றவர் வயலில் டிராக்டர் ஓட்டுகிறார், ஒரு ரெலோங்குக்கு (இங்கத்து நில அளவு) இவ்வளவு என்று கூலி. போன வாரம் சாப்பிட வந்தவர் கை கழுவக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, "எங்க ஊர் தண்ணிதானே, சும்மாதானே எடுக்கிறீங்க" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீரை எடுப்பதற்காகக் கெடா மந்திரி பெசார் (முதலமைச்சர்) கேட்கிற வருஷத்துக்கு 50 மில்லியன் வெள்ளியை (ரிங்கிட்) பினாங்கு கொடுத்தே விட்டாலும், அதில் மாமாவுக்கு ஒரு காசாவது வருமா? மற்ற ஊர்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

சுங்கை பட்டாணிக்காரன்:
வராது தம்பி. அது ஒரு மாநில அரசு இன்னொரு மாநில அரசிடம் கேட்கிற பணம். ஆற்றுக்குத் தண்ணீர் தரும் உலு மூடா காட்டை வெட்டாமல் காப்பதற்கு ஈடு என்கிறது கெடா. ஆறு இரண்டு மாநிலத்துக்கும் எல்லை, எங்கள் கரையில் இருந்துதான் இறைக்கிறோம் என்கிறது பினாங்கு. அங்கே குழாயில் வருவதில் சுமார் 80 விழுக்காடு இந்த ஆற்றுத் தண்ணீர், அதனால் விட்டுக்கொடுக்கவும் முடியாது. இந்தச் சண்டையில் விவசாயி பேரே அடிபடுவதில்லை. அப்புறம் இன்னொன்று, மூடா அணைத் தண்ணீரில் பெரும்பகுதி சுரங்கம் வழியாக பெடு அணைக்குப் போய் வடக்கே மாடா என்கிற பாசன வாரியத்தின் வயல்களுக்குப் பாய்கிறது. மாமா வேலை செய்யும் வயலுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று முதலில் கேளுங்கள். வரும் இடம் தெரியாமல் ஈடு கணக்குப் போட முடியாது.

செந்தூல் அண்ணன்:
எங்கள் தாத்தா ஊர் சென்னைக்கு வடக்கே, மீஞ்சூர் பக்கம். வயல் கிணற்றுத் தண்ணீரைப் பட்டணத்துக்கு விற்ற ஊர்கள் அங்கே நிறைய. சின்ன வயதில் போயிருந்தபோது பார்த்தேன், நெல் இருந்த இடத்தில் சீமைக்கருவேலம், வரப்பு ஓரத்தில் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிணற்றுக்காரருக்குப் பயிர் வைப்பதைவிட அதில் வரும்படி அதிகம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடவு நட்ட பெண்களுக்கு யார் கொடுத்தார்கள்? அளவுக்கு மீறி உறிஞ்சியதில் அந்தப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் வேறு ஏறிவிட்டது. ஒரு குடம் கூட விற்காதவன் கிணறும் சேர்ந்து உப்பானது. அவனுக்கு எந்தக் கணக்கில் ஈடு?

தஞ்சோங் தோக்கோங் அக்கா:
அண்ணன் சொல்வதுதான் எல்லா இடத்திலும் சிக்கல். கலிஃபோர்னியாவில் பாலோ வெர்டே என்ற பள்ளத்தாக்கு, அங்கே அல்ஃபால்ஃபா தீவனப் பயிர்தான் அதிகம். 2005 முதல் 35 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக்குத் தண்ணீர் தருகிற வாரியம் அங்குள்ள நிலக்காரர்களுக்குப் பணம் கொடுக்கிறது. அவர்கள் நிலத்தில் ஒரு பங்கை மாற்றி மாற்றித் தரிசாகப் போட வேண்டும், மிச்சமாகும் தண்ணீர் நகரத்துக்கு. நிலத்தை அடியோடு வாங்கிவிடாமல் சுழற்சியில் விட்டதால் ஊர் ஒரேயடியாகக் காலியாகவில்லை. நிலக்காரருக்குப் போனது போக, ஊருக்கென்று தனியாக 6 மில்லியன் டாலரும் ஒதுக்கினார்கள், கூலியாள், உரக்கடைக்காரர், மெஷின்காரர் இவர்களுக்கும் அடி விழும் என்று தெரிந்ததால். தொகை போதுமா என்பது வேறு விஷயம், ஆனால் அப்படி ஒரு வரியாவது ஒப்பந்தத்தில் இருக்கிறது. நம் பேச்சில் அதுகூட இல்லை.

பக்கத்திலேயே இம்பீரியல் பள்ளத்தாக்கு, 2003 ஒப்பந்தப்படி சான் டியேகோவுக்குத் தண்ணீர் போகிறது. முதல் 15 வருஷம் பெரும்பாலும் தரிசு போட்டு மிச்சப்படுத்தினார்கள், பிறகு பாசனத்தைச் சிக்கனமாக்கி. அது நல்லது, விளைச்சலும் கூலியும் நிற்பதில்லை. ஆனால் அதிலும் ஒரு முள் இருக்கிறது. அதே வட்டாரத்தில் மண் கால்வாயில் தண்ணீர் கசிந்து வீணாகிறது என்று அதற்குப் பதிலாக சிமெண்ட் கால்வாய் கட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் மெக்சிகாலியில் அந்தக் கசிவை நம்பித்தான் கிணறு வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்துக்கு வீண், அவர்களுக்கு அது பாசனம்.

செந்தூல் அண்ணன்:
ஆமாம். எங்கள் கேஎல் குழாயைத் திறந்தாலும் இதே கதைதான். பகாங் மாநிலத்தில் இருந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கத்தில் தண்ணீர் வருகிறது. அதற்கான கெலாவ் அணைக்காக ஓராங் அஸ்லி (பூர்வகுடி) குடும்பங்கள் இடம் மாறின. வீடு போனால் எண்ணிவிடலாம். தொழில் படுத்தால் எந்தப் படிவத்தில் எழுதுவது?

பிறை வாசி:
நன்றி. நேற்று மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பணத்தைப் பற்றி அவர் பெரிதாகக் கேட்கவே இல்லை. "இந்த சீசன் தண்ணி வராதுன்னு ரெண்டு மாசம் முன்னாடியே சொன்னா போதும், டிராக்டர் தவணைக்கு வேற வேலை பார்த்துக்குவேன்" என்றார்.

தஞ்சோங் தோக்கோங் அக்கா:
சரி, நாளைக்கு ஈடு என்று ஒன்று வந்தால் எத்தனை ரெலோங் ஓட்டினார் என்று காட்ட அவரிடம் ஏதாவது இருக்கிறதா?

பிறை வாசி:
ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கிறது அக்கா. நிலக்காரர் பேரும் ரெலோங்கும் பென்சிலில் எழுதி, காசு வந்ததும் அழித்துவிடுகிறார்.