மனைவிக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை: உடனிருக்கும் கணவன் செய்ய வேண்டிய ஆயத்தங்கள் என்ன?

கேள்வி: தென்காசிச் சாரல்

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு 41 வயது. ஏஎம்எல் எனப்படும் தீவிர ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து, நோய் இப்போது கட்டுக்குள் வந்திருக்கிறது. எனினும் புற்றணுக்களில் காணப்பட்ட மரபணு மாற்றத்தை வைத்துப் பார்க்கையில், கீமோவோடு நிறுத்திக்கொண்டால் நோய் திரும்பும் ஆபத்து மிகுதி என்பதால், ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை மாற்றும் சிகிச்சையைச் செய்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். உடன்பிறந்த ஒருவருடைய எச்எல்ஏ எனப்படும் திசு வகை முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்புத்தான் உண்டாம். அவளுடைய ஒரே தம்பிக்கு அது பொருந்தியிருக்கிறது. அடுத்த மாதம் வேலூரில் சேர்க்கிறோம்.

சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். செலவுக்கும் ஓரளவு வழி செய்துவிட்டேன். நான் அறிய விரும்புவது, கணவன் என்ற முறையில் அந்த மாதங்களில் என் வேலை எது என்பதைத்தான். சேர்ப்பதற்கு முன் எதை ஏற்பாடு செய்ய வேண்டும், அவள் தனியறையில் இருக்கும்போது நான் எப்படி நடந்துகொள்ள வேண்டும், வெளியே வந்தபின் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும். எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். மனைவியிடம் எதைக் கேட்டாலும், "எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்றுதான் பதில் வருகிறது. அவள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கடினமாக இருக்கிறது.

பதில்: பவானிக்கரை

ஐயா, என் கணவருக்கும் இதே நோய்தான். அவருடைய அக்காவின் ஸ்டெம் செல்லைக் கொண்டு மாற்று நடந்தது. அவர் இன்று வழக்கம்போலத் தம் கடையைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலூர் சிஎம்சியில் 1986 முதலே இந்தச் சிகிச்சை நடந்து வருகிறது; நீங்கள் பழக்கமுள்ள கைகளிடம்தான் போகிறீர்கள்.

சேர்ப்பதற்கு முன் உங்கள் தலையாய வேலை ரத்ததானம் செய்வோரின் பட்டியலைத் தயாரிப்பது. தம்பியின் செல்கள் வேலையைத் தொடங்கும் வரை உங்கள் மனைவியின் உடல் தேவையான அளவு ரத்த அணுக்களை உருவாக்காது. அந்த இடைவெளியில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களைப் பலமுறை ஏற்ற வேண்டியிருக்கும். பிளேட்லெட்டை ஏறக்குறைய ஐந்து நாட்களுக்குத்தான் சேமித்து வைக்க முடியும் என்பதால், ஊரிலிருந்து வேன் பிடித்து எல்லாரையும் ஒரே நாளில் அழைத்து வருவதில் பயனில்லை. கூப்பிட்ட நாளில் வந்து நிற்கக்கூடியவர்கள், வேலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்கள், முறைவைத்து வேண்டும். அங்குள்ள கல்லூரிகளின் ரத்ததானக் குழுக்களோடு இப்போதே பேசிவையுங்கள். இன்னொன்றும் உண்டு. அன்பின் மிகுதியால் உங்கள் மாமனாரும் மற்ற ரத்த உறவினர்களும் இப்போதே அவருக்கு ரத்தம் கொடுக்க முன்வருவார்கள். மாற்றுக்கு முன் அதைத் தவிர்க்க வேண்டும். அவர்களுடைய ரத்தத்துக்கு எதிராக உடல் முன்கூட்டியே எதிர்ப்பை வளர்த்துக்கொண்டால், தம்பியின் செல்களை ஏற்பதற்கு அதுவே தடையாகக்கூடும். அவர்கள் ரத்த வங்கியில் மற்ற நோயாளிகளுக்காகக் கொடுக்கட்டும்.

மைத்துனரையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஸ்டெம் செல்கள் எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வருவதற்காக நான்கைந்து நாட்கள் ஊசி போடுவார்கள். அப்போது இடுப்பும் முதுகும் வலிக்கும். பிறகு சில மணி நேரம் இயந்திரத்தோடு இணைத்து, செல்களைப் பிரித்தெடுப்பார்கள். சில நாட்களில் அவர் தேறிவிடுவார். ஆனால் பிற்பாடு ஏதேனும் சிக்கல் வந்தால், தம் செல்லால்தான் இப்படி ஆனது என்று கொடுத்தவர் மனம் உடைந்துபோவது உண்டு. என் நாத்தனார் அப்படித்தான் அழுதார். அது எவர் கையிலும் இல்லாத ஒன்று என்பதை மருத்துவர் வாயாலேயே அவரிடம் முன்கூட்டிச் சொல்லவைப்பது நல்லது.

வார்டிலிருந்து வெளியே வந்தாலும் ஊருக்குத் திரும்ப முடியாது. முதல் நூறு நாட்கள் வரை மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கச் சொல்வார்கள். தனிச் சமையலறையும் தனிக் கழிவறையும் உள்ள வாடகை வீடாகப் பாருங்கள். சுவரில் ஓதம் இருக்கக் கூடாது; பக்கத்தில் கட்டட வேலை நடக்கக் கூடாது; சன்னலில் புறா அடையக் கூடாது. இவற்றிலிருந்து வரும் பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி இல்லாதவரின் நுரையீரலைத் தாக்கும்.

கடைசியாக, உங்களுக்கே சளி பிடித்தால் அறைக்குள் விட மாட்டார்கள். எனவே உடனிருந்து பார்த்துக்கொள்ள இன்னொரு அட்டெண்டரை இப்போதே முடிவுசெய்து, மருத்துவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் அவரையும் உடனழைத்துச் செல்லுங்கள். நான் ஒருவனே பார்த்துக்கொள்வேன் என்று மட்டும் தயவுசெய்து எண்ணாதீர்கள்.

பதில்: கோவைச் செவிலி

நான் பல ஆண்டுகள் மஜ்ஜை மாற்று வார்டில் பணியாற்றியவள். உங்கள் மனைவியின் மருத்துவக் குழு சொல்வதே இறுதியானது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

மாற்று என்றதும் பலர் அறுவை சிகிச்சையை எதிர்பார்க்கிறார்கள். அறுவை எதுவும் இல்லை. முதலில் ஏறக்குறைய ஒரு வாரம் கடுமையான கீமோ கொடுத்துப் பழைய மஜ்ஜையை ஒடுக்குவார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் உண்டு. அதன்பின் தம்பியின் செல்களை, ரத்தம் ஏற்றுவதைப் போலவே பெரிய ரத்தக் குழாயில் பொருத்தும் சென்ட்ரல் லைன் என்ற குழாய் வழியாக ஏற்றுவார்கள். அதைப் பூஜ்ய நாள் என்று எண்ணுவோம். அன்று குடும்பமே கண்ணீரும் நம்பிக்கையுமாக நிற்கும். ஆனால் அதற்கடுத்த இரண்டு வாரங்கள்தான் உடலளவில் மிகக் கடினமானவை. வாய்ப்புண்ணால் எச்சில் விழுங்கவும் முடியாமல் போகலாம், வலிக்கு மார்ஃபின் தேவைப்படலாம், காய்ச்சல் வரக்கூடும். புதிய செல்கள் பிடித்ததற்கு அடையாளம், நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை தொடர்ந்து மூன்று நாட்கள் 500க்கு மேல் நிற்பது. அதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். ஒவ்வொரு காலையும் அந்த எண்ணைக் கேட்டுத் துவண்டுபோகும் கணவர்களையும் மனைவியரையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண் ஒரு நாள் ஏறி மறுநாள் இறங்குவது இயல்பே.

வெளியே வந்தபின் உங்கள் கண்தான் எங்கள் கண். உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் உடனே அழைக்க வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அடுத்தது, ஜிவிஹெச்டி எனப்படும் எதிர்வினை. தம்பியின் செல்கள் உங்கள் மனைவியின் உடலை அந்நியமாகக் கருதித் தாக்குவதே இது. உள்ளங்கை, உள்ளங்கால், காது, முகம் ஆகிய இடங்களில் சிவந்த தடிப்பு, நீராகப் போகும் வயிற்றுப்போக்கு, கண்ணில் மஞ்சள் ஆகியவற்றை நாள்தோறும் பாருங்கள். பேதி என்றால் எத்தனை முறை, எவ்வளவு அளவு என்பதையும் குறித்துவையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். உடலில் எஞ்சி ஒளிந்திருக்கும் புற்றணுக்களைத் தேடி அழிப்பதும் அதே செல்கள்தான்.

இந்த எதிர்வினையை அடக்கவே சைக்ளோஸ்போரின் அல்லது டேக்ரோலிமஸ் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்கும் நாளில் காலை மாத்திரையை வீட்டில் கொடுக்காதீர்கள். கையோடு எடுத்துச் சென்று, ரத்தம் எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். பம்பளிமாஸ் பழம் அந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும் என்பதால் ஆகாது. உறவினர் கொண்டு வரும் லேகியமோ கசாயமோ எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இதில் நீங்கள் கடுமையாக இருந்தே ஆக வேண்டும். உணவைப் பொறுத்தவரை அன்றன்று சமைத்துச் சூடாகக் கொடுங்கள். ஆவியில் வெந்த இட்லி நல்லது. பழைய சோறும் வெளிக்கடைச் சட்னியும் வேண்டாம். மற்றவற்றுக்கு உங்கள் மருத்துவமனை தரும் உணவுப் பட்டியலையே பின்பற்றுங்கள்.

தம்பியின் ரத்த வகை வேறாக இருந்தால், சில மாதங்களில் உங்கள் மனைவியின் ரத்த வகையும் அதுவாகவே மாறிவிடும். பழைய அட்டையை நம்பி எங்கும் ரத்தம் ஏற்ற இடங்கொடுக்காதீர்கள்.

பதில்: வைகை வடகரை

அண்ணா, நான் அந்தப் படுக்கையில் படுத்திருந்தவள். உங்கள் மனைவி "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது ஏன் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தான் அழுதால் நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்ற அச்சம் அவருக்கு இருக்கலாம். எனக்கு இருந்தது. "தைரியமாக இரு" என்று எல்லாரும் சொல்லச் சொல்ல, பயத்தைச் சொல்ல இடமே இல்லாமல் போனது. ஒரு நாள் என் கணவர், "எனக்குப் பயமாக இருக்கிறது, உனக்கு எப்படி?" என்று கேட்டார். அன்றுதான் நாங்கள் இருவரும் பிள்ளைகளைப் பற்றியும், பணத்தைப் பற்றியும், நான் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றியும் பேசினோம். பேசி முடித்தபின் எனக்கு உறக்கம் வந்தது.

அறையில் இருக்கும்போது எல்லாவற்றையும் மற்றவர்களே முடிவுசெய்வார்கள். எந்த நைட்டி, எந்தப் பாட்டு, இன்று யாருடைய அழைப்பை ஏற்பது என்பன போன்ற சின்னச் சின்ன முடிவுகளையாவது அவரிடமே விட்டுவிடுங்கள். முடி கொட்டத் தொடங்கும் முன்பே மழித்துக்கொள்வதா என்பதையும் அவரே சொல்லட்டும். நீங்கள் ஆசையாகச் சமைத்த குழம்பு அவருக்குக் கசக்கும். நாக்கில் சுவை திரும்ப மாதங்கள் ஆகும். மனம் வருந்தாமல் தட்டை எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் உறக்கம் கெட்டுச் சிடுசிடுப்பு வரும். அந்தக் கோபத்தை மருந்தின் கணக்கில் எழுதிவிடுங்கள்.

கூச்சத்தால் பலர் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இந்தக் கீமோவால் எங்கள் வயதுப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடுவது வழக்கம். உடல் வெப்பம் ஏறி வியர்ப்பது, வறட்சி, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை எல்லாம் ஒருசேர வரும். மகப்பேறு மருத்துவரிடம் சிகிச்சை உண்டு. நீங்களே முன்வந்து கேளுங்கள். அவர் கேட்க மாட்டார். அதுவரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே போதுமானது.

கேள்வி கேட்டவர்: தென்காசிச் சாரல்

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வைகைத் தங்கை எழுதியதை மனைவியிடமே படிக்கக் கொடுத்தேன். நேற்றிரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். மைத்துனரின் மனைவி இரண்டாவது அட்டெண்டராக வர இசைந்திருக்கிறார். ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பிள்ளைகளை என் தாயார் தென்காசியிலேயே பார்த்துக்கொள்வார். விடுமுறையில் அவர்கள் அம்மாவைப் பார்க்க வரலாமா?

பதில்: கோவைச் செவிலி

தனியறையில் இருக்கும்போது பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் வீடியோ அழைப்பு வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்கு வந்த பிறகு, மருத்துவர் சம்மதித்தால், சளியோ இருமலோ இல்லாத நாளில் கை கழுவி, முகக்கவசத்தோடு வரலாம். பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் ஃப்ளூ தடுப்பூசியை இப்போதே போட்டுவிடுங்கள். உங்கள் மனைவி சிறு வயதில் போட்டுக்கொண்ட தடுப்பூசிகளின் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் அவற்றை மீண்டும் போடத் தொடங்குவார்கள், தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்குக் குறைந்தது இரண்டாண்டு காத்திருக்க வேண்டும். பள்ளியில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அந்த வாரப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். வந்து போன பிள்ளைக்கு மூன்று வாரத்துக்குள் கொப்புளம் தென்பட்டால், அன்றைய தினமே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பதற்கு நாட்கள் குறைவு.