கார்பன் இழையும் எபாக்சியும்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். பினாங்கு நிபோங் திபாலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். கார்பன் இழையின் மேற்பரப்பை மாற்றினால் எபாக்சி (கெட்டியாக இறுகும் ரெசின்) கலப்புப்பொருள் எப்படி மாறுகிறது என்பதுதான் தலைப்பு.

சுமார் 7 மைக்ரான் விட்டமுள்ள இந்த இழை வழவழப்பானது, வேதியியலில் மந்தமானது. ரெசின் எளிதில் பற்றாது. அதனால் பழைய பூச்சை அசிட்டோனில் நீக்கிவிட்டு நைட்ரிக் அமிலத்தில் ஊறவைக்கிறேன். இழையின் மேல் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் (ரெசினோடு பிணையும் அணுக்கூட்டங்கள்) உருவாகிப் பிணைப்பு கூடுகிறது. மின்னணு நுண்ணோக்கியில் உடைந்த முகத்தைப் பார்த்தால் கண்கூடு: அமிலம் படாத இழைகள் மொட்டையாக உருவிக்கொண்டு நிற்கின்றன, பட்டவற்றில் ரெசின் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றன. அடுக்குகளுக்கு இடையிலான வெட்டு வலிமையும் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் தாங்கும் திறன்) ஏறியது.

சரி, சிக்கல் என்ன? ஊறும் நேரம் கூடினால் அமிலம் இழையையே அரித்து இழுவலிமையைக் குறைக்கிறது. பிணைப்பு அளவுக்கு மீறி இறுகினாலோ, விரிசல் இழையோரமாகத் திரும்பாமல் நேரே வெட்டிப் போகிறது. தாக்கத்தைத் தாங்கும் திறன் சரிகிறது. எங்கே நிறுத்துவது? சிலேன் (இழையையும் ரெசினையும் இணைக்கும் சிலிக்கான் சேர்மம்) பூச்சு மென்மையான வழி என்று எனக்குப் படுகிறது. செய்து பார்த்தவர்கள் உண்டா?

அப்புறம், நம் ஊர் ஈரப்பதத்தில் அமீன் ஹார்டனர் (இறுகவைக்கும் பொருள்) சேர்த்த எபாக்சியின் மேல் பிசுபிசுப்பான படலம் படிகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் எபாக்சியோடு வேலை செய்யும் அண்ணன்மார், அக்காமார் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சின்னக் குறிப்பு தந்தாலும் பெரிய உதவி.